மூன்றாவது பெட்டியின் ஒயர்

ரொம்ப அழுத்தினாலும் விளக்கு அணைகிறது, விட்டுவிட்டாலும் அணைகிறது. பிளக்கின் தலையைப் பெருவிரலால் லேசாகத் தாங்கி, ஆள்காட்டி விரலை ஒயரின் கழுத்துக்கு முட்டுக்கொடுத்தால் மட்டுமே மூன்றாவது பெட்டியின் பச்சை விளக்கு நின்று எரியும் என்பதை வடிவு காலையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்த பாவத்துக்கு, மத்தியானப் பாத்திரமெல்லாம் தொட்டியில் கிடக்க, சாமான் அறை முக்காலியில் உட்கார்ந்து ஒரு கையை அலமாரிக்குள் விட்டுக்கொண்டு இருக்கிறாள். மூக்கு அரிக்கிறது. அரிக்கட்டும், இந்தக் கையால் சொறியலாம், ஆனால் இந்தக் கை அசைந்தால் தோள் அசையும், தோள் அசைந்தால் அந்தக் கையும் கொஞ்சம் அசையும், மூக்கு எங்கே போய்விடப் போகிறது. மடியில் கிடந்த செல்போனில் பெங்களூரிலிருந்து மகள் வெயினி இருந்தாள். "கைய எடுத்துராதம்மா." "எடுக்கலட்டி." "இன்னொரு மட்டம் விழுந்துச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல, காலையில ஏதோ தப்பிச்சுது." "சரிட்டி, எத்தன மட்டம் சொல்லுவ." மீட்டிங் இருக்கிறது, முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். நான்கு பெட்டி, நான்குக்குள்ளும் நான்கு டிஸ்க், நான்கிலிருந்தும் நான்கு ஒயர் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குப் போகிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பீரோவைத் தூக்குகிற மாதிரி, ஒருவன் கைவிட்டாலும் மற்ற மூன்று பேர் தாங்கிக்கொள்வார்கள், இரண்டு பேர் விட்டால் பீரோ காலில் விழும். ஒருவன் போன வாரம் கைவிட்டுவிட்டான். அவன் இடத்துக்குப் புது டிஸ்க் வந்தது, வடிவுதான் அதே பெட்டிக்குள் முன்பக்கமாக மாட்டினாள், வெயினி அங்கிருந்தபடியே முடுக்கிவிட்டாள். மற்ற மூன்றும் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் புதியவனுக்குச் சொல்லிக்கொடுத்து முடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது. இந்த மூன்றாமவன்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தூங்கி விழுகிறான். திரையில் அறுபத்தெட்டு சதவீதம் என்று இருந்தது, ரொம்ப நேரமாக அறுபத்தெட்டாகவே இருந்தது.

அறுபத்தெட்டு. அவருக்கு வயது அதைவிடக் குறைவுதான், இந்த ஆனியில் அறுபத்து மூன்று. எண்ணைப் பார்த்தால் வயது ஞாபகம் வருகிற நோய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. அவர் என்றால் மாசானமுத்து; பெயரைக் கதை சொல்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும், வடிவு இன்றுவரை சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத் தூக்கிக் காட்டிவிடுவாள். துறைமுகத்தில் எலெக்ட்ரீசியனாக இருந்தவர், உள் அறையில் தூங்குகிறார். ஆடி மாதம் தொண்டையைத் திறந்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். உயிர் வேண்டுமா குரல் வேண்டுமா என்று டாக்டர் அப்படியே கேட்கவில்லைதான், கேட்ட கேள்விக்கு அர்த்தம் அதுதான். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி, பேசினால் உதடு அசையும், காற்று துளை வழியாகப் போய்விடும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வடிவு பழகிவிட்டாள், கஞ்சி, துணி, மாத்திரை, ஃபேன், இந்த நாலைந்து வார்த்தைக்குள்தானே வீடு ஓடுகிறது. அதெல்லாம் கிடக்கட்டும். காலையில் பால் பொங்கி வரும்போது, ஒரு காரணமும் இல்லாமல், அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. வடிவு என்ற சொல் வந்தது, குரல் வரவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இன்னொரு தடவை நினைத்தாள், அண்ணன் குரலில் வந்தது. இன்னொரு தடவை நினைத்தாள், திருச்செந்தூர் பஸ் கண்டக்டர் குரலில் வந்தது, அவன் எதற்கு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். முப்பத்தொரு வருசம் காதுக்குள் இருந்த ஒன்று நாலே மாதத்தில் எங்கே போகும். போய்விட்டது. துணி துவைக்கும்போதும் தேடினாள், வெங்காயம் உரிக்கும்போதும் தேடினாள், நேராகத் தேடினால் ஓடிப்போய்விடும் என்று பார்க்காத மாதிரி இருந்து சட்டென்று திரும்பியும் பார்த்தாள். இல்லை.

அதனால்தான் இந்தக் கை இங்கே இருக்கிறது. வெயினியிடம் அதைச் சொல்லவில்லை, அப்பாவின் வீடியோ எல்லாம் போய்விடுமே என்று மட்டும்தான் சொன்னாள். அந்த நான்கு டிஸ்கிலும் இருப்பதெல்லாம் அவர் எடுத்தவை. கேமராவைக் கையில் வைத்திருப்பவர் எப்போதும் அவர்தான் என்பதால் எதிலும் அவர் முகம் கிடையாது, குரல்தான் இருக்கும், இங்க பாரு, அங்க நில்லு, வெயினி கோணாத. முகம்தான் உள்ளே படுத்திருக்கிறதே. பாதி ஆளைக் கட்டிலிலும் பாதி ஆளைப் பெட்டியிலும் வைத்திருக்கிறாள் வடிவு, பெட்டியில் இருக்கிற பாதி இந்தப் பெருவிரலில் தொங்குகிறது. ஆனால் அதில் என் பெயர் இருக்கிறதா. இதுதான் காலையிலிருந்து முள்ளாகக் குத்துகிறது. கேமராவுக்கு முன்னால் அவர் அவளை ஏட்டி என்பார், இந்தா என்பார், ஏய் பச்சைச் சேலை என்றுகூடச் சொல்வார், யாரும் இல்லாதபோதுதான் வடிவு. யாரும் இல்லாதபோது எவன் வீடியோ எடுப்பான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வெயினி செல்போனை நீட்டி, ஏதாவது பேசுங்கப்பா, வைத்துக்கொள்வோம் என்று அழுதாள். "என்னத்தப் பேச, அதான் இம்புட்டு வருசமா பேசியாச்சே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேசியது அத்தனையும் காற்றோடு போச்சே, அதை எவன் கட்டிவைத்தான் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதாவது ஏதாவது சொல்வார் என்று கூடவே ஓடினாள். "செருப்ப எடுத்து உள்ள வை, மழை வாரமாதிரி இருக்கு" என்றார். உலகத்திலேயே அவருக்குக் கடைசியாகப் பேசக் கிடைத்தது செருப்பைப் பற்றி. மழையும் வரவில்லை.

எழுபத்து நாலு. நல்லபிள்ளை, போய்க்கொண்டே இரு. வெளியே கேட் கொக்கி சத்தம். மீன்காரி அந்தோணியம்மா, இந்த நேரத்துக்குத்தான் வருவாள்.

"வடிவக்கா! சாளை இருக்கு, துள்ளுது!"

"இன்னைக்கு வேண்டாம், போ!"

"என்ன வேண்டாம்? அண்ணாச்சிக்குக் கொழம்பு வச்சு மசிச்சுக் குடுக்கலாம்லா. வெளிய வந்துதான் பாருங்களேன்."

"கை வேலையா இருக்குட்டி."

"அப்படி என்ன வேலை? உள்ள வரட்டுமா?"

"வராத! வந்துராத! நடந்தா தரை அதிரும்!"

ஐம்பது கிலோகூட இல்லாத அந்தோணியம்மா அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ, கொக்கியை மெதுவாகப் போட்டுவிட்டுப் போனாள். நாளைக்கு அவளைச் சமாதானப்படுத்த வேண்டும், அது ஒரு வேலை.

கை மரத்துப்போக ஆரம்பித்தது. முழங்கையிலிருந்து எறும்பு ஏறுவது போல் இருந்தது. இந்தப் பிளக் ஏன் இப்படி ஆடுகிறது, மற்ற மூன்றும் கப்பென்று இருக்கிறதே, உப்புக்காற்றாக இருக்கும், தூத்துக்குடியில் எதைத்தான் உப்புக்காற்று விட்டுவைத்தது, கதவுக் கீலை, பூட்டை, குழம்புக் கரண்டியை. வெயினி ஆரம்பத்திலேயே சொன்னாள், நிரந்தரமாக வைக்கிற டிஸ்கை இப்படி வெளி ஒயரில் தொங்கவிடக் கூடாதுப்பா, ஒயர் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கைவிடும், எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் திருகி முடுக்கி வைக்க வேண்டும், இல்லை இன்டர்நெட்டில் ஏற்றிவிடுங்கள் என்று. அவர் கேட்பாரா. "பிறத்தியான் வீட்டுப் பரண்ல நம்ம சாமானப் போட்டுட்டு, அவன் எப்பக் கதவத் தொறப்பான்னு நிக்கச் சொல்லுதியா?" இது அவர் சொன்னதுதான், வார்த்தை வார்த்தையாக வருகிறது, குரல் மட்டும் இல்லாமல் வருகிறது, செய்தித்தாளில் படிக்கிற மாதிரி. பெருவிரல் நகத்தில் ஏதோ தட்டுப்பட்டது. பிளக்கின் ஓரத்தில் சொரசொரப்பாக, காய்ந்த சோற்றுப்பருக்கை போல. துருதான் என்று நகத்தால் மெதுவாகச் சுரண்டினாள், உதிர்ந்தது, விரல் நுனி மஞ்சளாக இருந்தது. துரு மஞ்சளாகவா இருக்கும். மத்தியானம் மஞ்சள்பொடி போட்ட கை, கழுவினேனே. தலையைச் சாய்த்து, கையை அசைக்காமல் மூக்கை விரலுக்குக் கொண்டுபோனாள். சந்தனம்.

சந்தனமா. பெட்டிக்குச் சந்தனம் யார் வைத்தது. ஆயுத பூஜைக்கு மிக்ஸிக்கு வைத்தாள், தையல் மெஷினுக்கு வைத்தாள், கேஸ் அடுப்புக்கு, அவருடைய வண்டிக்கு, அரிவாள்மனைக்கு. இந்த அறைக்குள் வரவே இல்லை. ஏனென்றால் இது அவருடைய எல்லை, கருப்புச் சட்டைக்காரர், மாசானசாமி பெயரை வைத்துக்கொண்டு மாசானசாமியே இல்லை என்று மேடையில் பேசியவர், கல்யாணமான முதல் வருசம் அவருடைய டெஸ்டருக்கு அவள் பொட்டு வைத்ததற்கு, "கரண்டு என்ன, குங்குமத்தப் பாத்தா ஷாக் அடிக்காதா?" என்று தெருவே கேட்கச் சிரித்தார். துறைமுகத்தில் ஆயுத பூஜை என்றால் கிரேனுக்கே மாலை போடுவார்கள், இவர் சந்தனத்தை மட்டும் தொடமாட்டார், பொரிகடலையை மட்டும் இரண்டு பங்கு வாங்கிக்கொண்டு வருவார், கேட்டால் "பொரிக்குக் கொள்கை கிடையாது" என்பார். அப்படியானால் யார். குனிந்து, முகத்தை அலமாரிக்குள் நுழைத்துப் பார்த்தாள். நான்கு பெட்டியின் முதுகிலும், சுவரைப் பார்த்த பக்கத்தில், யாருக்கும் தெரியாத பக்கத்தில், சந்தனம். பொட்டு என்று சொல்ல முடியாது, உளுந்தவடை அளவுக்கு ஒவ்வொன்று. நடுவில் குங்குமம், நடுவில்கூட இல்லை, ஒன்றில் ஓரமாக, ஒன்றில் வழிந்து. ஒயர் போகிற வாய்க்கும் ஆளுக்கு ஒன்று. வைக்கத் தெரிந்த எவளும் வாயில் வைக்கமாட்டாள், மெஷினின் நெற்றி எது வாய் எது என்று பார்த்துத்தான் வைப்பாள். வாழ்க்கையிலேயே சந்தனத்தைக் குழைத்திராத கைதான் இப்படி அப்பும், தண்ணீர் கூடிப்போய், உள்ளே இறங்கி, காய்ந்து, பிளக்கையே தள்ளிக்கொண்டு நிற்கிறது. பூஜை அன்று சாயங்காலம் அவளும் லீவுக்கு வந்திருந்த வெயினியும் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது சந்தனக் கிண்ணம் காலியாக இருந்தது. எவள் வந்து எடுத்தாளோ என்று பக்கத்து வீட்டைத் திட்டினாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

ஐயோ. ஐயோ, இந்த மனுசன். டிஸ்க் போய்விட்டது என்று போன வாரம் சொன்னபோது கையை ஒரு வீசு வீசினாரே, போனால் போகட்டும் என்கிற மாதிரி, இந்த அறைப் பக்கமே வருவதில்லையே, அந்தக் குரல் அவருக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேனே. ஆளில்லாத நேரம் பார்த்து, கழுத்துத் துணியோடு, ட்யூபோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து இவ்வளவு தூரம் நடந்து வந்து, யாரிடமும் சொல்லாமல், தான் இல்லை என்று சொன்ன சாமியிடம், இதைப் பார்த்துக்கொள் என்று. சிரிப்பு வந்தது, பாதிச் சிரிப்பிலேயே அழுகை வந்தது, இரண்டும் சேர்ந்து தோளைக் குலுக்க, கை ஆடியது, பச்சை விளக்கு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. திரையில் எண்பத்தொன்று. எண்பத்தொன்று. அசையவில்லை. போச்சு, அழுது தொலைத்தேன், ஒரு அழுகைக்குக்கூட இந்த வீட்டில் இடமில்லை. எண்பத்தொன்று. கையைச் சுவரில் சாய்த்து, பல்லைக் கடித்து, பெருவிரலைத் தாங்கினாள். எண்பத்திரண்டு. வாயாலேயே மூச்சு விட்டாள்.

செருப்பு இழுபடும் சத்தம். அவர் எழுந்துவிட்டார். வாசலில் நின்று, முக்காலியையும் அலமாரிக்குள் போன கையையும் ஈரக் கன்னத்தையும் பார்த்தார்.

"வராதீங்க. இல்ல, வாங்க, மெதுவா வாங்க." மஞ்சள் விரலைப் பிளக்கிலிருந்து எடுத்துக் காட்ட முடியாது, அதனால் கண்ணால் காட்டினாள். "இதுக்குச் சந்தனம் யாரு வச்சா?"

மாசானமுத்து உத்திரத்தைப் பார்த்தார். உத்திரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பிறகு உதடு அசைந்தது: எறும்பு வராதுன்னு.

"எறும்புக்கு மஞ்சத்தான போடுவாவ. குங்குமமுமா வைப்பாவ?"

அவருடைய தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு, துளை வழியாக மூச்சு மட்டும் இரைந்தது, இருமலும் வந்தது, துணியைப் பிடித்துக்கொண்டார். இருமல் அடங்கியதும் பக்கத்தில் கிடந்த அரிசி டின்னின் மேல் உட்கார்ந்து கையை நீட்டினார், நான் பிடிக்கிறேன் என்று. தூங்குகிற குழந்தையை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றுவது போல் மாற்ற வேண்டியிருந்தது. அவர் விரல் அவள் விரலுக்குக் கீழே வந்து, பிளக்கைத் தொட்டு, எடை வாங்கிக்கொண்ட பிறகு அவள் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். விளக்கு எரிந்தது. துறைமுகத்தில் எத்தனை ஆயிரம் ஒயரைப் பிடித்த கை. வடிவு எழுந்து நேரே பாத்ரூமுக்கு ஓடினாள்.

திரும்பி வந்து தரையில், அவர் காலடியில் உட்கார்ந்து, மரத்த கையைத் தேய்த்துக்கொண்டாள். அவர் விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இந்த முகத்தோடுதான் அன்றைக்கும் இங்கே நின்றிருப்பார். கேட்டுவிடலாமா, சொல்லிவிடலாமா, சொன்னால் வருத்தப்படுவாரா, வருத்தப்படட்டும், நான் மட்டும் எத்தனை நேரம் இதைத் தனியாகப் பிடித்துக்கொண்டிருப்பது.

"காலையில உங்க குரலு எனக்கு ஞாபகம் வரலைங்க" என்றாள். "எம்புட்டு நினைச்சுப் பாத்தாலும் வரமாட்டேங்கு. பயமா இருந்துச்சு."

அவர் அவளைப் பார்த்தார். காலியாக இருந்த கையால் அவள் தலையைத் தொட்டு, அப்படியே வைத்துக்கொண்டார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, எனக்கும் என்று தலையை ஆட்டினார். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவருக்கும் அவர் குரல் கேட்பதில்லை.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. செல்போன் அடித்தபோது இருவரும் சேர்ந்து திடுக்கிட்டார்கள், ஆனால் அவர் விரல் அசையவில்லை. "அம்மா, முடிஞ்சிட்டும்மா! நூறு! நாலும் நல்லா இருக்கு! இனிமே கைய எடுக்கலாம்" என்று வெயினி கத்தினாள். "உங்க அப்பாதான் பிடிச்சிருக்காவ" என்றாள் வடிவு. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நாளைக்கே எல்லாவற்றையும் இன்னொரு இடத்திலும் ஏற்றிவிடலாம்மா, அப்பா ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவர் கையை வீசினார், இந்தத் தடவை ஏத்து ஏத்து என்று.

ஏதாவது ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று வடிவு கைக்கு வந்த ஒன்றை அமுக்கினாள். அவர் பிளக்கை விடவில்லை, சொன்னாலும் விடமாட்டார். திரையில் ஒரு அடுப்படி, பழைய வாடகை வீடு, புகை. ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு அம்மியில் அரைக்கிறாள், பின்னல் முதுகில் ஆடுகிறது. அடுப்படியில் வைத்து எடுக்கக் கூடாது, தலை கலைந்து கிடக்கிறதே என்று வடிவு அன்றைக்கு அவரோடு சண்டை போட்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லாத மத்தியானமாக இருக்க வேண்டும்.

"வடிவு."

இந்தா. இதுதான். கொஞ்சம் கரகரப்பாக, கடைசி எழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிற மாதிரி. இதையா மறந்தேன்.

அம்மியில் அரைக்கிறவள் திரும்பவில்லை. கோபம்.

"ஏட்டி வடிவு."

அவள் இன்னும் வேகமாக அரைத்தாள்.

"வடிவூ..."

படம் ஆடி, தரையைக் காட்டி, நின்றுவிட்டது. அறையில் நான்கு பெட்டியின் இரைச்சல் மட்டும் இருந்தது. அவர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் நிறைந்து வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

வடிவு அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க?" என்றாள். "கூப்பிட்டீங்களே."

மாசானமுத்து அவளைப் பார்த்தார். உதடு ஒரு தடவை ஒட்டிப் பிரிந்தது.

சும்மா.